அந்தாண்ட

ஜான்சன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு எலுமிச்சைத் தோலால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர்களின் நகத்தில் ஒரு நீலம் ஏறியிருக்கும். சோப்புக்குப் போகாது. எலுமிச்சைக்கும் போகாது. ஆனாலும் லீவு நாளில் அவன் அதைத் தேய்த்துப் பார்ப்பான்.

நாள் கணக்கில் மழை. கரண்ட் இல்லாததால் ஷாப்பில் டிரம் சுற்றவில்லை, ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் வாணியம்பாடிப் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அங்கே நான் பார்த்துக்கொள்ளும் நூலகத்தில் முதல் மழைக்கே ஒழுகத் தொடங்கிய மூலையில் வாளி வைத்துவிட்டு முந்தின நாளே வந்துவிட்டேன். ஜான்சன் என் தம்பி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் நான் இருந்தேன். சாப்பாடு அவர்களோடுதான்.

அவன் மனைவி மெர்சி தோசைக்கல்லில் கேழ்வரகு அடை தட்டிக்கொண்டிருந்தாள். முருங்கைக்கீரை நனைந்து போயிருந்ததால் மாவு இளகிவிட்டது என்று திட்டிக்கொண்டே தட்டினாள். ஆணியில் தொங்கிய பேட்டரி ரேடியோவில் ஹேமலதா பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அக்கா, அடுப்பு பத்திகிச்சா? வெறகு ஈரமா?"

"பத்திகிச்சு, பத்திகிச்சு. நீ பாட்டப் போடு" என்றான் ஜான்சன், ரேடியோவைப் பார்த்து.

"அவளாண்ட மட்டும் ஒடனே பதிலு வரும்" என்றாள் மெர்சி. "நான் கேட்டா காது அடைச்சிக்கும்."

"அவ திருப்பித் திட்ட மாட்டா இல்ல."

"திட்டுவா. சம்பளம் குடுக்கறாங்கோ, அதனால சிரிக்கறா."

தோழி எஃப்எம் ஆம்பூர் டவுனில் ஒரு செருப்புக் கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது. புதுப் பாட்டு போடமாட்டார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, இடுப்பு வலிக்கத் தொடங்கியவர்கள் தங்கள் பதினெட்டு வயதில் கேட்ட பாட்டுகளைத்தான் போடுவார்கள். ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் பெண்கள், டேனரி ஆட்கள், பீடி சுற்றுகிற வீடுகள் எல்லோருக்கும் அதுதான். ஹேமலதாவும் முன்பு ஒரு கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்தவள். சென்னை ஸ்டேஷன்களில் பேசுகிற மாதிரி இல்லாமல் எங்கள் பேச்சையே பேசியதால் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். முகம் பார்த்தவர்கள் கம்மி.

ஜான்சன் முதல் அடையைப் பிட்டு, சூட்டில் கைமாற்றி, பாதியை என் தட்டில் போட்டான். "இந்தாக்கா. உன் மருமக கீரையக் கண்டாலே ஓடும். இன்னைக்கு அதும் பங்கு நமக்கு."

மருமகள் என்றது அவன் மகள் ஜீவாவை. ஒன்பது வயது. டவுனில் படித்தாள். மழைக்கு நடுவே பள்ளிக்கூடத்தை மூடியபோது, மெர்சியின் தங்கை சோபனா அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். சோபனாவின் வீடு டவுன் பக்கம், ஆற்றோரத் தெருவில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாலாறும் ஒரு தரைப்பாலமும்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்தப் பாலத்துக்குக் கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான் இருக்கும். பிள்ளைகள் பாலத்தை விட்டு மணலில் இறங்கி நடப்பார்கள்.

அன்று காலையில் வீட்டுக்குள்ளிருந்தே ஆற்றின் சத்தம் கேட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஆற்றுக்குச் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

பாட்டு பாதியில் நின்றது. ஹேமலதா பாட்டைப் பாதியில் நிறுத்துகிறவள் இல்லை.

"கேட்டுனு இருக்கற எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. நாங்க நியூஸ் சொல்லக் கூடாது, இது நியூஸ் இல்ல, தாலுகா ஆபீஸ்லேர்ந்து குடுத்த எச்சரிக்கை. மேலேர்ந்து தண்ணி ரொம்ப ஜாஸ்தியா வருதாம். ஆத்துக்கு அந்தாண்ட, பள்ளத்துல வீடு இருக்கறவங்க எல்லாரும் ஒடனே மேட்டுக்குப் போய்டுங்க. பாத்திரம் பண்டம் பாக்காதீங்க அக்கா. புள்ளைங்களக் கூட்டினு கெளம்புங்க."

இன்னொரு முறையும் அதையே சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

எங்கள் காலனிக்கு அந்தாண்ட என்றால் டவுன். நல்ல துணி அந்தாண்ட கிடைக்கும். பிரசவம் அந்தாண்ட ஆஸ்பத்திரியில். அந்தாண்ட போகிறேன் என்று ஒருவர் சொன்னால், டவுனுக்கா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

ஜான்சன் எழுந்துவிட்டான். "பாப்பா" என்றான்.

மெர்சி கரண்டியோடு திரும்பினாள். "சோபனாக்குப் போனப் போடு."

போட்டான். என் போனிலும் போட்டோம். டவர் காலையிலேயே போயிருந்தது. அந்த டொய்ங் டொய்ங் சத்தம்கூட வரவில்லை.

"அவ கேட்டிருப்பா" என்றேன். "அவ வீட்லயும் இதே ஸ்டேஷன்தான் ஓடும். கெளம்பியிருப்பா."

"அவ புருஷன் ஊர்ல இல்லக்கா. கைக்கொழந்தய வெச்சிக்கினு நம்ம பாப்பாவயும் இழுத்துனு எங்க போவா? வீடு ஷீட்டு. ஏறி நிக்க மாடி கெடையாது."

"தண்ணி ஜாஸ்தின்றாளேடா."

"பாலத்து மேல இன்னும் ஏறல. இப்பதான் பையனுங்க செல்லுல படம் புடிச்சிக்கினு வந்தானுங்க. ஏறறதுக்குள்ள போய் கூட்டினு வந்துர்றேன்."

மெர்சி அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குழந்தை தண்ணீர் வருகிற பக்கம் இருக்கிறது, நாங்கள் பத்திரமான பக்கம் இருக்கிறோம் என்பதுதான் அப்போது எங்கள் மூன்று பேருடைய கணக்கும்.

"சோபனாவயும் இட்டுனு வா" என்று மட்டும் மெர்சி சொன்னாள். "அவ வர மாட்டேன்னு அடம் புடிப்பா. அக்கா அழுதான்னு சொல்லு."

ஷாப்பில் கட்டிக்கொள்ளும் ரப்பர் ஏப்ரனைக் கொடியிலிருந்து எடுத்துச் சுருட்டி வண்டியில் வைத்தான், பாப்பாவைப் போர்த்த. பின்னாலேயே குடையோடு ஓடினேன். தெருமுனையில், மாடிவீட்டு சத்தார் பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கால்வாயைக் குத்திக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் மாடி வீடு அவருடையது ஒன்றுதான். ஜான்சனின் ஷாப்பில் மேஸ்திரி.

"இன்னாபா, இந்த மழையில கெளம்பிட்ட?"

"பாப்பா அந்தாண்ட மாட்டிகிச்சு பாய். ரேடியோவுல சொல்றாங்களே, கேக்கல?"

"கேட்டேன், கேட்டேன். டவுன்காரனுங்க இன்னைக்கு பேஜாராயிட்டானுங்க. மார்க்கெட்ல நம்மள மொறைப்பானுங்க இல்ல, இப்ப வரட்டும்." சிரித்தார். பிறகு, "அரே, சும்மா சொன்னேன்பா. நம்ம மாடியில ரூம் காலியாதான் கீது. சோபனாவ, புள்ளைங்கள எல்லாரையும் கூட்டினு வா. அஃப்ஸராண்ட சொல்லி கஞ்சி வெக்கச் சொல்றேன்."

ஜான்சன் வண்டியை உதைத்தான். "அக்கா, ரேடியோவ ஆஃப் பண்ணாத. எதுனா சொல்வா" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, போய் வரப் போகிறவன்தானே.

கொஞ்ச நேரம் பயம் எங்களுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றியே இருந்தது. மெர்சி அடுப்பை அணைக்காமல் அடை தட்டிக்கொண்டே இருந்தாள். சோபனாவுக்கு, குழந்தைகளுக்கு என்று எண்ணித் தட்டினாள். ரேடியோவில் அறிவிப்பும் பாட்டும் மாறி மாறி வந்தன. பாட்டு வந்தபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. பாட்டு நின்றபோது ரேடியோவுக்குக் கிட்டப் போய் நின்றேன்.

ஆற்றின் சத்தம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை ஒரு இரைச்சலாக இருந்தது, அடியில் ஒரு முட்டுகிற சத்தம் சேர்ந்துகொண்டது. பெரிய டிரம் சுற்றும்போது உள்ளே தோல் புரண்டு விழுமே, அப்படி.

"அண்ணி, இது இன்னா சத்தம்?"

"மரம் கிரம் அடிச்சிக்கினு வரும்."

"பாலத்தாண்டயா?"

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிற மாதிரி எங்களுக்கு வரவில்லை. கால்வாய் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான் முதலில். சாக்கடை எதிர்த்திசையில் போவதை மெர்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுண்ணாம்பும் அழுகிய தோலும் கலந்த ஷாப்பு நாற்றம் தெருவுக்குள் வந்தது. நாற்றத்துக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. செருப்பு மிதந்தது. பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. படி மறைந்தது.

"இந்தாண்டயும் வருதே" என்றாள் மெர்சி. நம்ப முடியாதவள் மாதிரி இரண்டு முறை சொன்னாள்.

மாடியிலிருந்து பாயின் தங்கை அஃப்ஸர் ஜஹான் கத்தினாள். "மெர்சி! அக்கா! மேல வாங்க! கதவெல்லாம் பூட்டாதீங்க, அப்டியே வாங்க!"

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நாங்கள் போனோம். மெர்சி அடை வைத்த தூக்கைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். நான் ரேடியோவைப் பிடித்திருந்தேன். எங்கள் கையில் வேறு ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு கையால் மற்றவளின் புடவையைப் பிடித்துக்கொண்டோம். கீழே எது காலில் தட்டுகிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை தட்டியபோதும் மெர்சி என் முந்தானையை இறுக்கினாள்.

மாடியில் தெருவே இருந்தது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதன் ஒரு முனை சத்தார் பாய் கையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஆறு எது, தெரு எது, ஷாப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே பழுப்பு. தரைப்பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் மேடாக எழும்பி விழுந்தது.

"வண்டியில போனவரு இந்நேரம் சேந்திருப்பாரு" என்றாள் அஃப்ஸர் ஜஹான். "இல்லண்ணா? சேந்திருப்பாரு இல்ல?"

சத்தார் பாயைத்தான் கேட்டாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "அல்லா இருக்கான்மா" என்றார்.

ஏதோ ஒன்று தெருவின் நடுவே மெதுவாக வந்தது. உப்பி, முதுகு மட்டும் தெரிய, சுழன்று சுழன்று வந்தது. கறுப்பு முடி. மெர்சி கத்திய கத்தலில் குழந்தைகள் எல்லாம் அழுதன. நான் அவள் கண்ணைப் பொத்தினேன். அவள் என் கையைப் பிய்த்து எறிந்தாள்.

"தோலு!" என்று சத்தார் பாய் கத்தினார். "மெர்சி, தோலும்மா! நம்ம ஷாப்பு கொடவுன் ஒடஞ்சிடுச்சு. உப்பு போட்ட மாட்டுத் தோலு. பாரு, பாரு, வாலு தெரியுது பாரு!"

பார்த்தோம். மாட்டுத் தோல்தான். அதற்குப் பின்னால் இன்னும் இன்னும் வந்தன. முடியோடு இருந்த பச்சைத் தோல்கள், காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு, வயிறும் தோளும் வைத்த மாதிரி, ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. சிலது சுவரில் முட்டி நின்று யோசித்துவிட்டுப் போயின. வாலைத் தேடிப் பிடிக்கும் வரைக்கும் ஒவ்வொன்றும் ஜான்சன்தான். கடைசித் தோல் போகும்வரை நாங்கள் ஒவ்வொன்றிலும் வாலைத் தேடினோம்.

அதற்கு நடுவில் ரேடியோவில் பேட்டரி இறங்கிவிட்டது. ஹேமலதாவின் குரல் கிணற்றுக்குள் போய் நின்றது. மெர்சி ரேடியோவைக் குலுக்கினாள், பேட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்தாள். அஃப்ஸர் ஜஹான் தன் பட்டன் போனைக் கொடுத்தாள். அதில் எஃப்எம் வரும், ஆனால் இயர்போன் வயரைச் செருகினால்தான் வரும். அதனால் ஒரு காது மெர்சிக்கு, ஒரு காது எனக்கு. தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தோம். மாடியில் இருந்த மற்றவர்களுக்கு எதுவும் கேட்காது. அவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹேமலதா இப்போது ஆட்களின் சேதியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்களிடம் லேண்ட்லைன் வேலை செய்ததாம். இன்னார் இன்ன பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், இன்னார் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டார். தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு சேதிக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுப்பாள். அந்த மூச்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்வோம்.

"அடுத்தது, மெர்சி அக்காவுக்கு. காலனி மெர்சி அக்கா, கேட்டுனு இருக்கியா? உன் தங்கச்சி சோபனா சொல்லச் சொன்னாங்க."

மெர்சி என் தொடையைப் பிடித்தாள்.

"பாப்பா ஜீவா நல்லா இருக்கு. சாப்ட்டுட்டு வெளையாடினு இருக்கு. எங்க தெருவுல சொட்டுத் தண்ணி இல்ல, பயப்படாத. மாமா வீட்லயே இருக்கட்டும், பாப்பாவப் பாக்கணும்னு இந்தாண்ட வர வேணாம். நீங்கதான் அந்தாண்ட மாட்டிக்கிட்டீங்க, பத்திரமா இருங்க. இவ்ளோதான் அக்கா. அடுத்தது..."

மெர்சியின் முகத்தில் சிரிப்பு வந்தது. அதை நான் பார்த்தேன். மாடியில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். "பாப்பா கீதாம்" என்று அவர்களுக்குச் சொன்னாள். "வெளையாடுதாம்." அஃப்ஸர் ஜஹான் இரண்டு கையையும் மேலே தூக்கி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. எடுக்கத் தெரியாமல் வைத்திருந்தாள்.

"அண்ணி, மாமா வீட்லயே இருக்கட்டும்னா சொன்னா?"

"ஆமா."

"இவரு வீட்ல எங்க கீறாரு?"

நான் வயரைக் காதிலிருந்து எடுத்தேன். அவள் எடுக்கவில்லை.

"அந்தாண்ட மாட்டிக்கிட்டீங்கன்னா சொன்னா? நம்மளயா?" அவள் தெருவைப் பார்த்தாள், மிதக்கிற தோல்களைப் பார்த்தாள், டவுன் பக்கம் பார்த்தாள். "காலைல அந்தாண்டன்னு சொன்னது நம்மளத்தானா அண்ணி? நம்மளத்தான் ஓடச் சொன்னாளா?"

சத்தார் பாய் அதைக் கேட்டுவிட்டுத் தார்ப்பாயைக் கையிலிருந்து விட்டுவிட்டார். தேங்கிய தண்ணீர் எல்லாம் எங்கள் மேல் கொட்டியது. யாரும் நகரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வண்டி முதலில் கிடைத்தது, பாலத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அவன் வெகு கீழே, கருவேலத்துக்குள் கிடைத்தான். போய் அடையாளம் சொன்னது சத்தார் பாய். என்னை வர வேண்டாம் என்றார். "கையப் பாத்தேன், போதும்" என்று மட்டும் சொன்னார்.

அடக்கம் முடிந்து, சேற்றை வாரிக் கொட்டி, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்த பிறகு ஒரு பகலில் ஹேமலதா வந்தாள். யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ரேடியோவில் கேட்டதைவிடச் சின்னப் பெண். வாசலில் நின்று, "மெர்சி அக்கா வீடு?" என்று கேட்டாள். அந்த மூன்று சொல்லில் தெரு முழுக்கத் திரும்பிவிட்டது.

மெர்சி பாய் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். ஹேமலதா அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"ஆபீஸ் பேப்பர்ல இடதுகரைன்னு போட்டிருந்துச்சுக்கா. பாலாற்றின் இடதுகரைத் தாழ்வான பகுதிகள்னு. ஆத்துக்கு எது இடதுன்னு எனக்கே தெரியல. கேட்டேன். தண்ணி போற பக்கம் மூஞ்சி வெச்சி நின்னா இடது கை பக்கம்னாங்க. இத எந்த அக்காக்குப் புரியும்? ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் உங்க காலனிதான் தெரிஞ்சுது. அதான் நம்ம பேச்சுல அந்தாண்டன்னு..."

நம்ம பேச்சில் பேசுகிறாள் என்றுதானே அவளை எல்லோரும் கேட்டோம். எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் எத்தனை சொல்லை அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகப் புரிந்துகொண்டு, ஒன்றும் ஆகாமல் தப்பியிருக்கிறோம் என்ற பயம்.

மெர்சி அழவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"இப்ப நீ ஒக்காந்துனு கீறியே, இது எந்தாண்ட?"

ஹேமலதா வாயைத் திறந்தாள். ஆறு இருக்கிற பக்கம் பார்த்தாள். தன் கையில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"சொல்லு. திட்டறதுக்குக் கேக்கல. நெஜமாவே கேக்கறேன். எனக்கு இப்ப எதுவும் புரியல."

"தெரிலக்கா" என்றாள் ஹேமலதா.

"எனக்கும்" என்றாள் மெர்சி. பிறகு, "தண்ணியக் குடி. தொண்ட கட்டிக்கினு கீது" என்றாள்.

இப்போது தோழி எஃப்எம்மில் தெருப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த அறிவிப்பு பாட்டைவிட நீளம். மெர்சி கேட்கிறாள். இப்போது வேலைக்குப் போகிற ஷூ கம்பெனியில் தலைக்கு மேல் அதுதான் ஓடுகிறது, கேட்காமல் இருக்க முடியாது என்கிறாள். வீட்டில் போடுவதில்லை. ஜீவா பெரிய பெண்ணாகிவிட்டாள். மேகம் கறுத்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், காரணம் சொல்வதில்லை. அவளைக் கூட்டிவரக் கிளம்பித்தான் அப்பா போனார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் மேற்கே மலைப்பக்கம் அடைமழை, எங்கள் பக்கம் தூறல்தான். சோபனா சேதி அனுப்பினாள் என்று பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். ஆறு அந்த முறையும் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டுதான் ஓடியது. சோபனா வீட்டு வாசலில் மூங்கில் முறத்தில் வற்றல் மிளகாயைப் பரப்பி, தாழ்வாரத்துக்குள் தள்ளி வைத்திருந்தாள். படிக்குக் கீழே தெரு மண் தூறலில் மேலாக நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஆறு இந்தத் தடவையும் அங்கே ஏறவில்லை. குனிந்து ஒரு விரலால் கீறிப் பார்த்தேன். அடியில் காய்ந்துதான் இருந்தது.